கடற்படைக் கருவிக்குப் போட்ட பணம் தகுமா? கணக்குப் போடும் விதம்

சேலத்தில் கடல் கிடையாது. ஆனாலும் 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி, சென்னை, ஓசூர், கோவை, திருச்சியோடு சேலத்தையும் ஒரு மையமாகச் சேர்த்த நாளிலிருந்து, லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் பொறியியல் முடித்த பிள்ளைகளும் என்னைத் தேடி அஸ்தம்பட்டிக்கு வருகிறார்கள். பதினைந்து வருடம் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் கடற்படைக்கு எது தேவைப்படும் என்று எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. சந்தோஷமாகத்தான் பேசுகிறேன். பொருளைச் செய்வதில் நம்ம ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பாதுகாப்புத் துறைக்குப் புதுக் கருவி செய்கிறவர்களுக்கான ஐடெக்ஸ் திட்டத்தில் 1.5 கோடி ரூபாய் வரை மானியம் வாங்கக்கூடிய வழியையும் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவர்கள் தடுமாறுகிற இடம், எதிரே உட்கார்ந்திருக்கிற அதிகாரி "இதற்குப் பணம் போட்டால் எங்களுக்கு என்ன திரும்ப வரும்?" என்று கேட்கிற இடம்.

போன மாதம் ஒரு தம்பி மடிக்கணினியைத் திறந்து காட்டினார். "அண்ணா, ரிட்டர்ன் 340 சதவீதம் வருதுங்க" என்றார். எதோடு ஒப்பிட்டு 340 என்று கேட்டேன். பதில் இல்லை. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பொருள் விற்கப் போகிறவர்களுக்கும் உதவும், நாட்டின் பணம் கடலில் எப்படிச் செலவாகிறது என்று புரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கும் உதவும்.

எதை எண்ணப் போகிறீர்கள்?

கடையில் லாபம் என்றால் கல்லாவில் விழுகிற காசு. போர்க்கப்பலில் மாட்டுகிற கருவி காசு சம்பாதிக்காது. அதனால் பலரும் கண்ணுக்குத் தெரிகிற எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்: எத்தனை இலக்கை அடித்தது, எத்தனை எச்சரிக்கை கொடுத்தது, எத்தனை மணிநேரம் ஓடியது. இங்கேதான் கணக்கு முதல் அடியிலேயே சறுக்கும்.

இரண்டாம் உலகப்போரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், இந்த விஷயத்தில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. மத்தியதரைக் கடலில் போன பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். துப்பாக்கியும் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்களும் அப்போது வேறு பல இடங்களுக்கும் தேவை. கொஞ்ச காலம் கழித்துக் கணக்கெடுத்தால், தாக்க வந்த விமானங்களில் சுமார் 4 சதவீதம்தான் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தன. கழற்றி வேறெங்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் துப்பாக்கி வைத்ததே கப்பலைக் காப்பாற்றத்தானே, விமானத்தை வீழ்த்த அல்லவே? அந்தக் கேள்வியோடு அதே தாக்குதல்களைத் திரும்ப எண்ணினார்கள். துப்பாக்கியால் திருப்பிச் சுட்ட கப்பல்களில், தாக்கப்பட்டவற்றில் சுமார் 10 சதவீதம் மூழ்கின. சுடாத கப்பல்களில் சுமார் 25 சதவீதம் மூழ்கின. கீழிருந்து குண்டு வரும்போது விமானி நிதானமாகக் குறி வைக்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். 4 என்ற எண்ணை வைத்து முடிவெடுத்திருந்தால் எத்தனை மாலுமிகள் செத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே விஷயத்தை ஏற்காட்டு மலையில் நேரில் பார்த்தேன். நாகலூர் பக்கம் என் மச்சானுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், நிழல் மரத்தில் மிளகுக்கொடியும் உண்டு. காட்டெருமை உள்ளே வந்து மிதித்துப் பாழாக்குகிறது என்று சோலார் மின்வேலி போட்டார். ஒரு வருடம் கழித்துப் பங்காளி ஒருவர் வந்து, இதுவரை எத்தனை மாட்டுக்கு ஷாக் அடித்தது, ஒன்றுகூட இல்லையே, வீண் செலவு என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் எதுவும் பேசவில்லை, அந்த வருடம் எடுத்த பழத்தின் எடைச் சீட்டையும் முந்தின வருடத்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வேலியின் பலன் பழத்தின் எடையில் இருக்கிறது, மாட்டின் மேல் இல்லை.

ஆனால் அங்கேயே இன்னொன்றையும் கவனித்தேன், இது முக்கியம். மாடு காட்டுக்குள் திரும்பிப் போய்விடவில்லை, வேலி இல்லாத பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கியது. மச்சானின் கணக்கில் லாபம், மலையின் மொத்தக் கணக்கில் பாதிகூட வராது. கடலிலும் இப்படித்தான். ஒரு கடல் வழியைக் காவல் காத்தால் கொள்ளையன் அடுத்த வழிக்கு நகரலாம். உங்கள் கருவி ஆபத்தைக் குறைக்கிறதா, தள்ளிவிடுகிறதா என்ற கேள்வியை நீங்களே கேட்டு எழுதிவிடுங்கள். கேட்காமல் விட்டால் எதிரே இருப்பவர் கேட்பார்.

ஆகவே முதல் வேலை, ஒரே ஒரு வாக்கியம் எழுதுவது. இன்ன வகைக் கப்பல், இன்ன வேலையை, இன்ன கால அளவில், இப்போது செய்வதைவிட எவ்வளவு கூடுதலாக அல்லது எவ்வளவு குறைந்த இழப்போடு செய்யும் என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். இதை எழுத முடியாவிட்டால் கால்குலேட்டரைத் தொடாதீர்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன

அடுத்தது, கருவி வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்ற அடிக்கணக்கு. இது இல்லாமல் எந்தச் சதவீதமும் காற்றில்தான் நிற்கும். எனக்குத் தெரிந்து பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான்.

அடிக்கணக்கு எடுப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு, சில சமயம் கருவியே வேண்டாம் என்று தெரிந்துவிடும். 1941 வாக்கில் பிரிட்டிஷ் கடலோர விமானப்படையில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தாக்கும் முறையை இ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் ஆராய்ந்தார். போர் முறைகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்த இயற்பியலாளர் பாட்ரிக் பிளாக்கெட்டோடு சேர்ந்து வேலை பார்த்தவர். விமானம் போடும் ஆழக்குண்டு சுமார் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அவர் பழைய தாக்குதல் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். நீர்மூழ்கி ஆழத்துக்குப் போயிருந்தால் அது எந்தப் பக்கம் திரும்பியது என்றே விமானிக்குத் தெரியாது, குண்டு எப்படியும் தவறும். சரியாகக் குறி வைக்க முடிகிற தருணமே அது நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும்போதுதான், ஆனால் அப்போது குண்டு அதற்கு வெகு கீழே போய் வெடிக்கிறது. ஆழத்தை 25 அடி அளவுக்குக் குறைக்கச் சொன்னார். அதன்பின் தாக்குதல்களின் பலன் கணிசமாக உயர்ந்தது. புது விமானமோ புது வெடிமருந்தோ வாங்கவில்லை, இருந்த குண்டில் ஒரு அமைப்பை மாற்றினார்கள்.

உங்கள் கருவியைக் காட்டும்போது, அது இல்லாமலேயே வேலை முறையை மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒரு வரியாகக் காட்டுங்கள். விற்க வந்தவன் இதைச் சொன்னால் மதிப்பு கூடும், குறையாது.

செலவை முழுசாக எழுதுங்கள்

வாங்கும் விலை செலவின் ஒரு துண்டுதான். ராணுவத் தளவாடங்களின் ஆயுள்காலச் செலவில் சுமார் 70 சதவீதம் வாங்கிய பிறகு வருவது என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் பல அறிக்கைகளில் சொல்லி வருகிறது: ஆட்கள், எரிபொருள், உதிரிபாகம், பழுது, பயிற்சி. நான் பார்த்த அளவில் அது நியாயமான எண். ஒரு கடல்நீர்ப் பம்பின் சீல் (நீர் கசியாமல் அடைக்கும் பாகம்) போனால், சீலின் விலை சில ஆயிரம். அதை மாற்றப் பம்பைக் கழற்றி, கப்பலை நிறுத்தி, பாகம் வருகிறவரை காத்திருந்து, சோதித்துப் பார்த்து முடிக்கிற செலவு அதைப்போல எத்தனையோ மடங்கு. நான் இருந்த கப்பல் ஒன்றில், ஊர் பேர் வேண்டாம், ஒரு சின்ன சீலுக்காகப் பதினோரு நாள் துறைமுகத்தில் கப்பல் கட்டும் மேடையான ஜெட்டியில் கட்டிக் கிடந்தோம். அந்தப் பதினோரு நாளை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பொருள் கையில் இருப்பதும் அது வேலைக்குத் தயாராக இருப்பதும் வேறு வேறு. 2016இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை, நம் கடற்படையின் மிக்-29கே விமானங்கள் பறக்கத் தயாராக இருந்த விகிதம் சுமார் 16 முதல் 38 சதவீதம் வரைதான் என்று சொன்னது. நூறு ரூபாய் கொடுத்து வாங்கியதில் முப்பது ரூபாய்க்குத்தான் வேலை வாங்க முடிகிறது என்றால், ஒரு மணிநேரப் பயன்பாட்டின் உண்மையான விலை மூன்று மடங்குக்கு மேல். பலன் கணக்கில் எப்போதும் தயார்நிலை விகிதத்தால் பெருக்கியே ஆக வேண்டும்.

ஆயுளும் அப்படியே. அமெரிக்காவின் கரையோரப் போர்க்கப்பல் திட்டத்தில் ஒரு கப்பல் 22 கோடி டாலர் என்று ஆரம்பித்த மதிப்பீடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த வகையில் யூஎஸ்எஸ் சூ சிட்டி 2018 நவம்பரில் பணியில் சேர்ந்து 2023 ஆகஸ்டில் விலக்கப்பட்டது. ஐந்து வருடம்கூட முழுசாக இல்லை. இருபத்தைந்து வருடம் ஓடும் என்று நினைத்துப் பிரித்த விலை, ஐந்து வருடத்தில் பிரிந்தால் வருடச் செலவு ஐந்து மடங்கு. உங்கள் கருவிக்கு நீங்கள் பத்து வருட ஆயுள் எழுதினால், அதற்குள் இருக்கிற சிப் பத்து வருடம் சந்தையில் கிடைக்குமா என்று பாருங்கள்.

அப்புறம் எண்ணிக்கை. ஜம்வால்ட் வகை நாசகாரிக் கப்பல்களை அமெரிக்கா 32 கட்ட நினைத்து 3 மட்டுமே கட்டியது. அதன் பீரங்கிக்கென்றே உருவாக்கிய குண்டு ஒன்றின் விலை, வாங்கும் எண்ணிக்கை சுருங்கியதால் சுமார் 8 லட்சம் டாலருக்கு ஏறி, 2016இல் அந்தக் குண்டையே கைவிட்டார்கள். பீரங்கி இருந்தது, போட குண்டு இல்லை. விலைப்பட்டியல் தரும்போது 40 கருவி வாங்கினால் என்ன விலை, 8 மட்டும் வாங்கினால் என்ன விலை, இரண்டையும் கொடுங்கள்.

ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்

அந்தத் தம்பி செய்திருப்பது, கடல்நீர்ப் பம்பில் ஒட்டுகிற அதிர்வு உணரிப் பெட்டி. பேரிங்கோ சீலோ போகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லும். கீழே வரும் எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்தக் கப்பலின் உண்மை எண்ணும் அல்ல.

பத்து ரோந்துக் கப்பல், ஒவ்வொன்றிலும் நான்கு பம்ப், மொத்தம் 40 பெட்டி. பொருத்துகிற கூலியோடு ஒன்று 3 லட்சம், ஆக 1.2 கோடி. ராணுவக் கருவிகளுக்கான ஜேஎஸ்எஸ் 55555 சோதனைத் தரப்படி வெப்பம், உப்புத் தூறல், அதிர்ச்சி எல்லாம் சோதிப்பது, கேபிள், பயிற்சி எல்லாம் சேர்த்து 80 லட்சம். முதல் செலவு 2 கோடி. வருடப் பராமரிப்பு 20 லட்சம். ஆயுள் பத்து வருடம்.

பலனில் முதலில் கையில் மிஞ்சும் காசை மட்டும் பாருங்கள். அவசரப் பழுது, அவசரமாக அனுப்பும் உதிரிபாகம் குறைவதால் வருடம் 30 லட்சம் மிச்சம் என்று வைப்போம். பராமரிப்புக்கு 20 லட்சம் போனால் மீதி 10 லட்சம். இரண்டு கோடி போட்டு வருடம் பத்து லட்சம். போட்ட பணமே பத்து வருடத்தில் திரும்பாது. இத்தோடு நிறுத்தினால் இந்தப் பெட்டியை வாங்கக் கூடாது.

ஆனால் பம்ப் பழுதால் ஒவ்வொரு கப்பலும் வருடம் 9 நாள் கடலுக்குப் போக முடியாமல் நிற்கிறது, பெட்டி வந்தால் 4 நாளாகக் குறையும் என்றால், பத்துக் கப்பலுக்கு 50 கடல்நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரு கடல்நாளின் மதிப்பு என்ன? கப்பலின் விலை 60 கோடி, ஆயுள் 25 வருடம் என்றால் வருடத்துக்கு 2.4 கோடி. சம்பளம், பராமரிப்பு, துறைமுகச் செலவு 4.8 கோடி. மொத்தம் 7.2 கோடி. திட்டமிட்ட கடல்நாள் 144 என்றால் ஒரு நாளுக்கு 5 லட்சம். 50 நாளுக்கு 2.5 கோடி. தம்பி இந்த இடத்தில் நின்று, எல்லாவற்றையும் கூட்டி, பெரிய சதவீதமாக எழுதிவிட்டார்.

நிற்கக் கூடாது. நான் கேட்ட முதல் கேள்வி: அந்த 50 நாளும் கப்பல் உண்மையில் கடலுக்குப் போகுமா? எரிபொருள் ஒதுக்கீடு அவ்வளவுதான் என்றால், பம்ப் நன்றாக இருந்தும் கப்பல் ஜெட்டியில்தான் நிற்கும். மாலுமிகள் பற்றாக்குறை என்றாலும் அப்படியே. எது கப்பலை உண்மையில் கட்டிப் போடுகிறதோ அதை அவிழ்க்காமல் மற்றதை அவிழ்த்துப் பயனில்லை. ஆகவே 60 சதவீதம் என்று வைப்போம்.

அடுத்து பொய் எச்சரிக்கை. பம்ப் நன்றாக இருக்கும்போதே பெட்டி கத்தினால் கப்பல் திரும்பி வரும். ஒரு கப்பலுக்கு வருடம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு நாள் என்றால் 20 நாள் போச்சு. 50 போய் 30 ஆகிறது, அதில் 60 சதவீதம் 18 நாள். மதிப்பு 90 லட்சம். காசு மிச்சம் 10 லட்சத்தையும் பக்கத்தில் வைத்தால் வருடம் 1 கோடி.

அப்புறம் காலம். பணம் இன்று போகிறது, பலன் பிறகு வருகிறது. சோதனை முடிந்து, கப்பல் அடுத்த பெரிய பழுதுபார்ப்புக்கு வரும்போதுதான் பெட்டியை மாட்ட முடியும், முதல் இரண்டு வருடம் ஒன்றும் கிடைக்காது. கடற்படையில் காத்திருப்பு எப்போதும் நீளம்தான்: பி-8ஐ ரோந்து விமானங்களுக்கு 2009 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டு, முதல் விமானம் 2013 மேயில்தான் வந்தது. பிறகு வரும் பணத்தின் மதிப்பை வருடத்துக்கு 8 சதவீதம் குறைத்துப் பார்த்தால் (இதுதான் கழிவு வீதம்), மூன்றாம் வருடம் முதல் பத்தாம் வருடம் வரை ஆண்டுக்கு 1 ரூபாய் வந்தால் இன்றைய மதிப்பு சுமார் 4.93 ரூபாய். ஆக 1 கோடிக்கு 4.93 கோடி. போட்டது 2 கோடி. நல்ல திட்டம்தான், ஆனால் தம்பி சொன்ன உயரத்தில் இல்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று சொல்கிறேன், என் அனுபவத்தில் அதிகாரிகள் காது கொடுத்துக் கேட்பது இதற்குத்தான். கணக்கைத் திருப்பிப் போடுங்கள். போட்ட 2 கோடி திரும்ப, வருடம் குறைந்தது எவ்வளவு பலன் வேண்டும்? 2 கோடியை 4.93 ஆல் வகுத்தால் சுமார் 40.6 லட்சம். காசு மிச்சம் 10 லட்சத்தைக் கழித்தால் 30.6 லட்சம். நாளுக்கு 5 லட்சம் என்றால் ஆறு நாளுக்குக் கொஞ்சம் மேலே. "பத்துக் கப்பலும் சேர்ந்து வருடத்தில் ஏழு நாள் கூடுதலாகக் கடலில் இருந்தால் போதும், இந்தச் செலவு தகும்" என்று சொல்லுங்கள். 340 சதவீதம் என்று சொன்னால் கேட்டவர் சந்தேகப்படுவார். ஏழு நாள் என்று சொன்னால், கப்பலில் இருந்தவர் தன் அனுபவத்தை வைத்து, நடக்கும் நடக்காது என்று உடனே சொல்லிவிடுவார்.

கடல்நாளை ரூபாயாக மாற்றியதைக் காசு மிச்சத்தோடு கூட்டிக் காட்டினாலும், இரண்டையும் தனித்தனி வரியில் வையுங்கள். ஒன்று கருவூலத்தில் மிஞ்சும், மற்றது கடலில் திறனாகக் கிடைக்கும். நிதிப் பிரிவுக்காரர் முதல் வரியைப் பார்ப்பார், கப்பல் தலைவர் இரண்டாவதைப் பார்ப்பார்.

பெரிய ஆயுதம் மட்டும்தான் பலன் தரும் என்று நினைக்க வேண்டாம். கப்பலின் அடிப்பகுதியில் படியும் பாசியும் சிப்பியும் எரிபொருளைத் தின்னும். அமெரிக்காவின் ஆர்லீ பர்க் வகை நாசகாரிகளில் இதனால் மட்டும் வருடம் சுமார் 5.6 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகிறது என்று 2011இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் தரையைக் கூட்டிய மண்ணையும் வீணாக்க மாட்டார்கள், அதில் வெள்ளித்தூள் இருக்கிறது என்று தெரியும். கப்பலுக்குப் பூசும் வண்ணமும் அடிப்பகுதியைச் சுரண்டும் கருவியும் அந்த வகை. இந்தக் கணக்கு நேரடியாக டீசலில் தெரிவதால் நிரூபிப்பதும் சுலபம்.

ஏவுகணைக்கு டிரோன் ஈடா?

2023 நவம்பரில் செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி ஆயுதக் குழுவினர் வணிகக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். பல ஆயிரம் டாலர் விலையுள்ள டிரோனை வீழ்த்த, சுமார் 20 லட்சம் டாலர் விலையுள்ள ஏவுகணையை அமெரிக்கக் கப்பல்கள் விட்டன. 2024 ஏப்ரலில், சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள வெடிபொருளை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்று அந்த நாட்டுக் கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ சொன்னார். உடனே எல்லோரும் இரண்டு விலையையும் வகுத்துப் பார்த்து, நஷ்டம் என்றார்கள்.

வகுக்க வேண்டிய எண்கள் அவையல்ல. அந்த ஏவுகணை காப்பாற்றுவது டிரோனின் விலையை அல்ல, சுமார் 200 கோடி டாலர் விலையுள்ள கப்பலையும் அதிலுள்ள முந்நூறு பேரையும். விடாமல் இருந்தால் அடிபடும் வாய்ப்பு எவ்வளவு, அடிபட்டால் இழப்பு எவ்வளவு, இரண்டையும் பெருக்கினால் வருவதை ஏவுகணை விலையோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு தடவையும் விட்டது சரி என்றே வரும். அப்படியானால் பிரச்சினை இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். இதே வேலையைப் பீரங்கியோ மின்னணுக் குழப்பியோ குறைந்த செலவில் செய்திருக்குமா என்பது ஒன்று. கப்பலின் ஏவுகணைக் கூண்டுகள் காலியானால் அடுத்த பெரிய தாக்குதலுக்கு என்ன இருக்கும் என்பது இன்னொன்று. டிரோன் எதிர்ப்புக் கருவி செய்கிறவர்கள், உங்கள் பொருளின் பலனை "ஒரு டிரோனுக்கு இத்தனை ரூபாய்" என்று மட்டும் எழுதாமல், "இத்தனை பெரிய ஏவுகணை கூண்டிலேயே மிஞ்சும்" என்றும் எழுதுங்கள்.

இந்தத் தாக்குதலுக்குப் பயந்து செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பல்களுக்குப் பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம் ஆனது. நம் நாட்டு வெளிவணிகத்தில் அளவில் சுமார் 95 சதவீதம் கடல்வழி. சேலத்து ஜவ்வரிசியிலிருந்து மலைக் காபி வரை ஏற்றுமதி ஆவதெல்லாம் அந்தக் கூடுதல் கப்பல் கூலியைக் கொடுக்கும். ஆனால் அந்த மொத்த நஷ்டத்தையும் உங்கள் ஒரு கருவியின் பலன் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள்.

பல கை சேர்ந்து செய்ததை எப்படிப் பிரிப்பது

ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது அரக்கோணத்தைத் தாண்டுவீர்கள். அங்கே ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தில் பி-8ஐ விமானங்களில் பெரும்பகுதி இருக்கிறது. 2020 நவம்பரிலிருந்து குத்தகைக்கு எடுத்த இரண்டு எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்களும் அங்கிருந்தே பறந்தன. 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட எம்வி ரூயென் கப்பலை, 2024 மார்ச்சில் சுமார் 40 மணிநேர நடவடிக்கையில் நம் கடற்படை மீட்டது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் காயமில்லாமல் வந்தார்கள். அதில் ஐஎன்எஸ் கொல்கத்தா இருந்தது, பி-8ஐ இருந்தது, ஆளில்லா விமானம் இருந்தது, விமானப்படையின் சி-17 விமானத்திலிருந்து குதித்த, கடற்படையின் சிறப்புப் படையான மார்கோஸ் வீரர்கள் இருந்தார்கள். அந்த 17 உயிரை எந்தக் கருவியின் கணக்கில் எழுதுவது?

எல்லோரும் முழுசாக எழுதிக்கொண்டால் 17 பேர் 68 பேராகிவிடுவார்கள். சமமாகப் பிரிப்பதும் சரியில்லை. நான் சொல்கிற வழி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்ப்பது. இந்தக் கருவி மட்டும் இல்லை, மற்ற எல்லாம் இருந்தன என்றால் என்ன ஆகியிருக்கும்? எத்தனை மணிநேரம் கூடுதலாகியிருக்கும், எத்தனை பேர் அபாயத்தில் கூடுதலாக இருந்திருப்பார்கள்? அந்த வித்தியாசம்தான் அதன் பங்கு. துல்லியமாக வராது. ஆனால் அந்த வேலையில் இருந்த மூன்று நான்கு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொன்ன குறைந்த எண்ணையும் அதிக எண்ணையும் எழுதினால் நேர்மையான வரம்பு கிடைக்கும்.

அந்தக் குத்தகையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் இரண்டை வாடகைக்கு எடுத்துப் பறக்கவிட்டுப் பார்த்த பிறகுதான், 2024 அக்டோபரில் 31 விமானங்களுக்குச் சுமார் 32,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதில் 15 கடற்படைக்கு. இடையில் செப்டம்பரில் குத்தகை விமானம் ஒன்று வங்கக் கடலில் விழுந்தது, அந்த இழப்பும் அனுபவக் கணக்கில் சேரும். உங்கள் பெட்டியையும் இரண்டு கப்பலுக்கு ஒரு வருடம் வாடகைக்குக் கொடுக்க முன்வாருங்கள்.

மலிவான கருவியிலும் இந்தப் பங்குக் கணக்கு பொருந்தும். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி கொடுக்கும் திட்டத்தை 364 கோடி ரூபாயில் தொடங்கினார்கள். படகுக்குச் சராசரி 36,400 ரூபாய். புயலில் மீனவரைக் கண்டுபிடிப்பது பெரிய பலன். ஆனால் கடலோரக் காவலுக்கு அதற்கு இணையான இன்னொரு பலனும் உண்டு: திரையில் தெரிகிற புள்ளிகளில் நம் படகு எது என்று தெரிந்துவிட்டால், தெரியாத புள்ளியை மட்டும் போய்ப் பார்த்தால் போதும்.

ஒரு திட்டத்தின் பலன் அடுத்த திட்டத்தில் தெரிவதும் உண்டு. ரஷ்யாவிலிருந்து எஃகு வருவது சிக்கலானபோது, ஹைதராபாத் உலோக ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து டிஎம்ஆர்-249ஏ போன்ற கப்பல் எஃகை உருவாக்கின. 2022 செப்டம்பர் 2இல் பணியில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு மட்டும் இந்த டிஎம்ஆர் வகை எஃகு சுமார் 30,000 டன் போனது. அந்த ஒரு கப்பலோடு கணக்கை மூடியிருந்தால் எஃகு ஆராய்ச்சியின் பலன் சின்னதாகத் தெரியும். நீர்மூழ்கி எதிர்ப்புக்கான கமோர்த்தா வகைக் கப்பல்களும் அதே எஃகில் வந்தன. உங்கள் உணரிப் பெட்டியும் நாளை கடலோரக் காவல்படைக் கப்பலிலோ வணிகக் கப்பலிலோ போகலாம் என்றால், அதை இரண்டாம் பக்கத்தில் தனியாகச் சொல்லுங்கள். முதல் பக்கத்துக் கணக்கு அதை நம்பி நிற்கக் கூடாது.

ரூபாயில் எழுதாதீர்கள்

உயிரை ரூபாயாக்க வேண்டாம். எத்தனை பேர், எந்த அபாயம், எவ்வளவு குறைகிறது என்று அப்படியே எழுதுங்கள். எதிரி பயந்து வராமல் இருப்பதையும் ரூபாயாக்க வேண்டாம், அவன் ஏன் வரவில்லை என்று நமக்குத் தெரியாது. இதற்கெல்லாம் கணக்கில் இடமில்லை என்று நினைக்காதீர்கள், எண்களுக்குக் கீழே இரண்டு மூன்று வாக்கியமாகத் தெளிவாக எழுதினால் படிப்பவர் அதற்குரிய எடையைக் கொடுப்பார்.

அளக்கும் ஏற்பாட்டை முதலிலேயே செய்யுங்கள்

பொருத்தின பிறகு அளப்போம் என்று விட்டால் நடக்காது, கப்பல் ஆட்கள் மாறிவிடுவார்கள். பத்துக் கப்பல் இருந்தால் ஐந்தில் முதலில் மாட்டச் சொல்லுங்கள், மீதி ஐந்தில் அடுத்த வருடம். எப்படியும் எல்லாவற்றிலும் ஒரே நாளில் மாட்ட முடியாது, அந்தத் தாமதத்தையே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். எந்த ஐந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நல்ல தலைமைப் பொறியாளர் இருக்கிற கப்பலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், பெட்டியின் பலனா ஆளின் பலனா என்று தெரியாமல் போகும். ஆறு மாதத்தில் முதல் பார்வை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. எந்த எண்ணுக்குக் கீழே போனால் திட்டத்தை நிறுத்தச் சொல்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தம்பி இதற்குக் கொஞ்சம் தயங்கினார். "நாமளே எப்படிங்கண்ணா நிறுத்தச் சொல்றது?" என்றார். நாட்டின் பணம் தம்பி, நிறுத்த வேண்டியதை நிறுத்தச் சொல்கிறவனைத்தான் அடுத்த தடவை கூப்பிடுவார்கள் என்றேன்.

கப்பலின் பதிவேட்டை நீங்கள் வெளியே கொண்டுவர முடியாது, செல்போனைக்கூட உள்ளே விடமாட்டார்கள். அதனால் கணினி மென்பொருளை நம்பாமல், எஞ்சின் அறையில் தொங்கவிடக்கூடிய ஒரு அட்டை அடித்துக் கொடுங்கள். ஐந்து கட்டம் போதும்: தேதி, எந்தப் பம்ப், பெட்டி கத்தியதா, திறந்து பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது, கப்பல் எத்தனை மணிநேரம் நின்றது. வியர்வைக் கையோடு, ஆடுகிற கப்பலில், இரவு இரண்டு மணிக்கு எழுதப் போகிறவருக்காக எழுத்தைப் பெரிதாக அடியுங்கள். அட்டைக்கு மேலே உறை போடுங்கள், எண்ணெய் படும். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், பேனா அந்தச் சூட்டில் ஒழுகும்.